தொட்டால் ஒளிரும் கடல்

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் கரைகளில் அலைகள் நீலமாக உடைந்தன. எழும்போது அலை இருட்டாகத்தான் இருந்தது. மடிந்து விழும் நேரத்தில் அதன் விளிம்பு நெடுக ஒரு நீல வெளிச்சம் ஓடியது. நுரை கரையேறிக் கலைந்ததும் அணைந்தது. அடுத்த அலையில் மறுபடியும் அதே நீலம். செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவி, நள்ளிரவுக்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடலில் கழிவு ஏதும் கலந்துவிட்டதோ என்று பயந்தவர்களும் இருந்தார்கள். 2024 அக்டோபரில் அதே கரைகளில் நீலம் திரும்பவும் வந்தது. அப்போதும் ஊரே திரண்டு போய்ப் பார்த்தது.

வாழ்க்கையில் பார்த்தவற்றிலேயே அழகான காட்சி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குறிஞ்சி பூத்த மலைச்சரிவு என்பார்கள், முழுச் சூரிய கிரகணம் என்பார்கள், பனிமலையில் விழும் முதல் வெயில் என்பார்கள். எல்லாமே நாம் ஒதுங்கி நின்று பார்க்கிற காட்சிகள். நாம் போனாலும் போகாவிட்டாலும் கிரகணம் நடக்கும். ஒளிரும் கடல் அப்படிப்பட்டதில்லை. கால் வைத்தால் காலைச் சுற்றி ஒளிர்கிறது. ஈர மணலில் நடந்தால் பாதம் பதிந்த இடத்தில் பொறி பறக்கிறது. கையால் நீரை அள்ளி வீசினால் துளித்துளியாக ஒளி சிதறுகிறது. தொடுகிறவருக்குப் பதில் சொல்லும் காட்சி இது. இதைப் பார்த்த மனிதர்கள் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதில் சொல்வது யார்? நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே சில புள்ளிகள் தெரியலாம். வெந்த ஜவ்வரிசியை மிகமிகச் சிறிதாக்கியது போல, நிறமற்ற, உருண்டையான புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரே செல்லால் ஆன ஓர் உயிர். பெயர் நாக்டிலூகா சிண்டிலன்ஸ். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும். ஒற்றைச் செல்லுக்கு இது பிரம்மாண்டமான உருவம். உடலின் பெரும்பகுதியை நீர் நிறைந்த ஒரு பை அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்மோனியம் அயனிகள் உள்ள அந்த நீர் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால், நீந்தத் தெரியாத இந்த உயிர் மேல்மட்டத்திலேயே மிதக்கிறது. ஒரு சிறு பற்றிழையை நீட்டி, அதில் ஒட்டும் டயாட்டம் பாசிகளையும் மீன்முட்டைகளையும் பிடித்துத் தின்கிறது. இதற்குக் கண் இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் தொட்டால் தெரிந்துகொள்கிறது.

தெரிந்துகொள்ளும் விதத்தை 1960களில் ரோஜர் எக்கர்ட் என்ற உடலியல் ஆய்வாளர் நுண்ணிய மின்முனைகளை இந்தச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார். செல்லின் மேற்பரப்பு சற்றே அழுந்தினாலும், உள்ளே உள்ள நீர்ப்பையின் சவ்வில் ஒரு மின்துடிப்பு எழுந்து செல் முழுக்கப் பரவுகிறது. நம் நரம்புகளில் ஓடுகிற மின்துடிப்புக்கு இது தூரத்து உறவு. துடிப்பு போகும் வழியெல்லாம் சிண்டிலான் எனப்படும் நுண்ணிய ஒளிமணிகள் இருக்கின்றன. துடிப்பு எட்டியதும் சவ்வில் இருக்கும் வாயில்கள் திறந்து, நீர்ப்பையில் இருந்த புரோட்டான்கள் ஒளிமணிக்குள் பாய்கின்றன. ஒரே கணத்தில் உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. அதுவரை கட்டுண்டு கிடந்த லூசிஃபெரின் என்ற பொருள் விடுபட, லூசிஃபெரேஸ் என்ற நொதி அதை ஆக்சிஜனுடன் சேர்க்கிறது. சேர்க்கையில் மிஞ்சுகிற ஆற்றல் நீல ஒளியாக வெளியேறுகிறது. தொட்டதிலிருந்து ஒளிரும் வரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நேரம் ஆகிறது. ஒளியும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. லட்சக்கணக்கான செல்களில் இது ஒரே சமயத்தில் நடந்தால் அதுதான் நாம் கரையில் நின்று பார்க்கும் நீல அலை.

அமைதியாக மிதக்கும் வரை இருட்டு, அலை உடையும் இடத்தில் மட்டும் ஒளி என்பதற்கும் இதுவே காரணம். கடல் மெதுவாக ஏறி இறங்கும்போது செல்லின் மேல் எந்த அழுத்தமும் இல்லை. நீரோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்குகிறது. அலை மடியும்போதுதான் பக்கத்துப் பக்கத்து நீர்ப்படலங்கள் வேறுவேறு வேகத்தில் உரசி, செல்லை இழுத்து நசுக்குகின்றன. துடுப்பு, படகின் முனை, ஓடும் டால்பினின் முதுகு என எல்லாவற்றைச் சுற்றியும் இதே உரசல் உண்டு. டால்பின் ஒன்று ஒளிக்கோடாக நீருக்குள் வளைந்து போவதை இரவில் பார்த்த மாலுமிகள் ஆயுள் முழுக்க அதைப் பேசியிருக்கிறார்கள். சார்லஸ் டார்வின் 1833இல் தென் அமெரிக்காவின் பிளாட்டா முகத்துவாரத்துக்குத் தெற்கே, இருண்ட ஓர் இரவில் இந்த ஒளிர்வைக் கண்டு, தன் பயணக் குறிப்பில் நெகிழ்ந்து எழுதினார். வலைக்கும் இதே கதிதான். இருட்டில் இறக்கிய வலை தன்னைச் சுற்றி ஒளிர்ந்து, தான் இருக்கும் இடத்தை மீனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கரையில் நின்று நாம் கொண்டாடும் நீலம், வலை போட்டவருக்குத் தொல்லையாகவும் இருக்கலாம்.

வெப்பமே இல்லாத ஒளி இது. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாக வீணடிக்கிறது. உயிர் தரும் ஒளி கையில் எடுத்தாலும் குளிர்ந்தே இருக்கிறது. நெருப்பில்லாத இந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்பது நீண்ட நாள் புதிர். 1667இல் ராபர்ட் பாயில், ஒளிரும் உளுத்த மரத்துண்டைக் கண்ணாடிக் கலத்தில் வைத்துத் தன் பம்பால் காற்றை உறிஞ்சினார். ஒளி மங்கி மறைந்தது. காற்றை உள்ளே விட்டார். திரும்பி வந்தது. ஆக்சிஜன் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது. 1880களில் ரஃபயேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர் அடுத்த படி ஏறினார். ஒளிரும் வண்டின் உறுப்பைக் குளிர்ந்த நீரில் அரைத்தால் சாறு சற்று நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் அரைத்த சாறு ஒளிரவே இல்லை. செத்துப்போன இந்த இரண்டு சாறுகளையும் ஒன்றாகக் கலந்தார், மறுபடி ஒளி. குளிர்ந்த சாற்றில் எரிபொருள் தீர்ந்து நொதி மட்டும் மிச்சம். வெந்நீர்ச் சாற்றில் நொதி கெட்டு எரிபொருள் மட்டும் மிச்சம். லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்ற பெயர்களை வைத்தவர் அவர்தான். இதைவிட எளிமையான, அழகான சோதனை உயிர்வேதியியலில் அதிகம் இல்லை.

எப்படி என்பது சரி. ஏன்? தின்ன உணவு தேடி மிதக்கும் ஒற்றைச் செல், தன் ஆற்றலைச் செலவிட்டு ஏன் ஒளியை உண்டாக்க வேண்டும்? ஒளியைப் பார்க்க அதற்கே கண் கிடையாது.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் சொல்லும் பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது திருட்டு எச்சரிக்கைக் கருதுகோள். கோபிபாட் என்ற சிறு ஓட்டுயிரி ஒளிரும் செல்லைத் தின்ன வருகிறது. அதன் கால்கள் கிளப்பும் நீரோட்டம் செல்லை அழுத்த, செல் பளிச்சிடுகிறது. திடீர் ஒளியில் கோபிபாட் மிரண்டு துள்ளி விலகலாம். இது முதல் லாபம். மிரளாவிட்டாலும், அந்த இருட்டில் கோபிபாட் நிற்கும் இடம் இப்போது வெளிச்சமாகிவிட்டது. கோபிபாட்டைத் தின்னும் மீன் பார்த்துவிடுகிறது. தன்னைத் தின்ன வந்தவனைத் தின்பவனைக் கூவி அழைக்கிறது செல். ஆய்வகத் தொட்டிகளில் செய்த சோதனைகளில், ஒளிரும் உயிரிகள் இருந்த நீரில் மீன்கள் இருட்டிலும் இரையை அதிகமாகப் பிடித்தன. ஒளிரும் நீரில் கோபிபாட்டுகள் குறைவாகவே மேய்ந்தன. ஆக, ஈஞ்சம்பாக்கம் கரையில் நாம் கை தட்டி ரசித்தது கோடிக்கணக்கான அலறல்களை. அலையை எதிரியின் கால் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செல்லும் அலறியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நீலம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

நிறம் ஏன் நீலம் என்பதற்கு விடை கடல்நீரிடம் இருக்கிறது. சிவப்பு ஒளியைக் கடல் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும்; நீலம்தான் வெகுதூரம் போகும். நாக்டிலூகாவின் ஒளி சுமார் 470 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. கடலில் வாழும் பெரும்பாலான கண்களும் அதே நீலத்தைப் பார்க்கவே பழகியவை. யாருக்கும் எட்டாத நிறத்தில் கூவி என்ன பயன்?

நம் கண் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படங்களில் பார்த்த மின்நீலத்தை எதிர்பார்த்துப் போய், நேரில் வெளிறிய ஒளியைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு. கேமரா பல நொடிகள் ஒளியைச் சேர்த்துவைத்து ஒரே படமாகத் தருகிறது. மங்கலான வெளிச்சத்தில் நம் விழித்திரையின் கோல் செல்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. ஒளிரும் செல்கள் அடர்த்தியாக இருந்தால்தான் நிறம் உணரும் கூம்பு செல்கள் விழித்து, நீலம் நீலமாகத் தெரியும். அதே சமயம், கேமரா ஒருபோதும் தர முடியாத ஒன்றைக் கண் தருகிறது: காலடியில் அந்தப் பொறி பிறந்து மறைகிற வேகம்.

இந்த ஒளி ஓர் உயிரைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. அப்போலோ 13 விண்கலத்தின் தலைவர் ஜிம் லோவெல், அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1950களில், அமெரிக்கக் கடற்படை விமானியாக இருந்தார். ஜப்பான் அருகே ஓர் இரவுப் பயிற்சியில் தாய்க்கப்பலான 'ஷாங்ரிலா'வைத் தவறவிட்டார். வழிகாட்டும் வானொலிச் சைகை குழம்பியிருந்தது. வரைபடத்தைப் படிக்கத் தானே செய்து வைத்திருந்த சிறு விளக்கைப் பொருத்தியதும் மின்கசிவு ஏற்பட்டு விமானி அறையின் எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன. கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் கீழே கடலில் நீண்டு போகும் ஒரு மெல்லிய ஒளிப்பாதை அவருக்குத் தெரிந்தது. கப்பலின் சுழலி கலக்கிவிட்ட நீர் அதன் பின்னால் ஒளிர்ந்துகொண்டே போயிருந்தது. அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு கப்பலை அடைந்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கரையோரத்தில் அபூர்வமான இந்த ஒளி, ஆழத்தில் அன்றாடம். 1934இல் வில்லியம் பீபே, பெர்முடா அருகே ஓர் எஃகுக் கோளத்துக்குள் அமர்ந்து 900 மீட்டருக்கும் கீழே இறங்கி, சிறு சன்னல் வழியே பார்த்தார். சூரியன் எட்டாத அந்த நீரில் நாலாபுறமும் விளக்குகள். கலிஃபோர்னியக் கடலில் மான்ட்டரே வளைகுடா ஆய்வு நிறுவனம் 17 ஆண்டுகள் எடுத்த காணொளிகளில் மூன்றரை லட்சம் காட்சிகளை அலசி 2017இல் ஒரு கணக்கு சொன்னது: நீரில் மிதந்தும் நீந்தியும் வாழும் விலங்குகளில் 76 சதவீதம் ஒளி உண்டாக்குகிறவை. பூமியில் உயிர் வாழத் தகுந்த இடத்தில் மிகப் பெரும்பகுதி ஆழ்கடல்தான். அங்கே ஒளிராமல் இருப்பதுதான் விதிவிலக்கு. பரிணாமம் இந்த வித்தையை ஒரே ஒரு முறை கண்டுபிடித்துப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரினுக்கும் நாக்டிலூகாவின் லூசிஃபெரினுக்கும் வேதியியலில் சம்பந்தமே இல்லை. தனித்தனியாக 40 முறைக்கும் மேல் உயிர்கள் ஒளியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இனி, இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் நேர்மாறான ஒரு கடல்.

மாலுமிகள் சில நூற்றாண்டுகளாகப் பால் கடல் என்று ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நிலவில்லாத இரவு, அடிவானம் முதல் அடிவானம் வரை கடல் வெள்ளையாக, பனி மூடிய சமவெளி போல விடாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். மினுக்கம் கிடையாது, அலை உடைய வேண்டியதும் இல்லை. ஜூல்ஸ் வெர்ன் தன் ஆழ்கடல் நாவலில் வங்காள விரிகுடாவின் வாயிலில் இப்படி ஒரு கடலை வைத்தார். வெகுகாலம் இதைப் படித்தவர்கள் மாலுமிக் கதை என்றே நினைத்தார்கள். 1995 ஜனவரி 25 அன்று 'லீமா' என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் இப்படி ஒளிர்ந்த கடல் வழியே மணிக்கணக்கில் போயிற்று. கப்பல் தலைவர் இடத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, ஸ்டீவன் மில்லர் என்ற வளிமண்டல விஞ்ஞானி, அந்த இரவு அந்தக் கடலுக்கு மேலே பறந்த ராணுவ வானிலைச் செயற்கைக்கோளின் பழைய தரவுகளைத் தோண்டி எடுத்தார். இரைச்சலை வடிகட்டிப் பார்த்தபோது, கப்பல் சொன்ன அதே இடத்தில் 15,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒளிர்வு. மூன்று இரவுகள் நீடித்திருந்தது. கட்டுக்கதை என்று ஒதுக்கியதை விண்வெளியிலிருந்தே பார்த்தாயிற்று.

2019இல் ஜாவா தீவுக்குத் தெற்கே இன்னும் பெரியது ஒன்று தோன்றியது. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கும் மேலாக நீடித்தது. செயற்கைக்கோள்கள் அதைப் பதிவு செய்துகொண்டிருந்த ஆகஸ்ட் தொடக்கத்தில், 'கணேஷா' என்ற பாய்மரப் படகு தற்செயலாக அதற்குள் நுழைந்தது. படகில் இருந்தவர்கள் ஒரு வாளி நீரை மொண்டு பார்த்தார்கள். நீரில் ஊசிமுனைப் புள்ளிகள் விடாமல் ஒளிர்ந்தன. கையால் கலக்கியபோது அவை அணைந்தன.

தொட்டால் ஒளிர்வதற்கு மாறாகத் தொட்டால் அணைகிறது. காரணம், இது நாக்டிலூகாவின் வேலை இல்லை, பாக்டீரியாவின் வேலை. 1985இல் அரபிக்கடலில், சோகோத்ரா தீவுப் பக்கம், ஓர் அமெரிக்க ஆய்வுக்கப்பல் பால் கடலின் நீரை எடுத்துச் சோதித்தபோது விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியா கிடைத்தது. பாக்டீரியா தனியாக இருக்கும்போது ஒளிராது. ஒற்றைப் பாக்டீரியாவின் வெளிச்சம் யார் கண்ணுக்கும் எட்டாது என்பதால் அந்த ஆற்றல் வீண். ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளை நீரில் கசியவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தி ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும், 'நாம் போதுமான பேர் இருக்கிறோம்' என்று தெரிந்து எல்லாம் ஒன்றாக ஒளிரத் தொடங்குகின்றன. 1970இல் வூட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் அவருடைய சகாக்களும் ஒளிரும் பாக்டீரியாக்களில் இதைக் கண்டார்கள். நோய் உண்டாக்கும் பல பாக்டீரியாக்களும் இப்படித்தான் தலை எண்ணிவிட்டுத் தாக்குகின்றன என்று பின்னர் தெரியவந்தது. இவை ஒளிர்வதன் நோக்கம், மீன் வந்து தின்ன வேண்டும் என்பதாக இருக்கலாம். மீனின் குடல் பாக்டீரியாவுக்குச் சோறு நிறைந்த வீடு. நாக்டிலூகா உண்ணப்படாமல் இருக்க ஒளிர்கிறது, பாக்டீரியா உண்ணப்படவே ஒளிர்கிறது. பால் கடல்கள் எங்கே, எப்போது, எதனால் தோன்றுகின்றன என்பது இன்னும் தீராத கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை தோன்றுவது அரபிக்கடலிலும் இந்தோனேசியாவைச் சுற்றிய கடல்களிலும்தான். நம் வாசலுக்கு வெகு அருகில்.

கடலின் ஒளியிலிருந்து மருத்துவம் பெற்ற பெரும் பரிசைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒசாமு ஷிமோமுரா, நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது 16 வயதுப் பையன். நகருக்கு வெளியே ஓர் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் சிறிது நேரம் அவருக்குக் கண் தெரியவில்லை. அந்த மனிதர் பிறகு தன் வாழ்நாளை உயிர்கள் தரும் ஒளிக்கே கொடுத்தார். 1961 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒளிரும் சொறிமீன்களைப் பிடித்து, அவற்றின் ஒளிப்பொருளைப் பிரிக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சோதனை முடிந்து மிச்சச் சாற்றைக் கழுவும் தொட்டியில் ஊற்றியபோது தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது. தொட்டிக்குள் மீன்காட்சித் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் இருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியம்தான் ஒளியைத் தூண்டுகிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஒளிப்பொருளோடு சேர்ந்து வந்த இன்னொரு புரதம் பச்சையாக ஒளிர்ந்தது. அதன் மரபணுவை மற்ற உயிர்களில் பொருத்தினால், உயிருள்ள செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே போகிறது என்பதை ஒளியாகவே பின்தொடரலாம். புற்றுநோய் பரவுவதும் நரம்பு வளர்வதும் இதனால் கண்ணுக்குத் தெரிந்தன. 2008இல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருடன் ஷிமோமுராவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவரும் குடும்பத்தாரும் சகாக்களும் பல கோடைகளில் வலையால் அள்ளிய சொறிமீன்கள் ஏறக்குறைய எட்டரை லட்சம்.

சென்னைக் கரைக்குத் திரும்புவோம். நாக்டிலூகா எப்போதும் கடலில் இருக்கிறது. ஒரு சில செல்கள் எங்கும் உண்டு. கரையே நீலமாகும் அளவுக்கு அது பெருக வேண்டுமானால் ஏராளமான உணவு வேண்டும். பருவக்காற்று ஆழத்துச் சத்துகளை மேலே கொண்டுவந்து பாசியை வளர்க்கலாம், அது இயற்கை. மழை நீரோடு வயல் உரமும் நகரச் சாக்கடையும் கடலில் சேர்ந்தாலும் பாசி பெருகும். பாசி பெருகினால் அதைத் தின்னும் நாக்டிலூகாவும் பெருகும். பகலில் அப்படிப்பட்ட கடல் செம்மண் நிறமாகவோ அடர்பச்சையாகவோ தெரியும்.

அடர்பச்சைக்குக் காரணம் பச்சை நாக்டிலூகா என்ற வகை. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து அதற்குச் சோறு ஆக்கித் தருகின்றன. 2019 செப்டம்பரில், சென்னை கொண்டாடிய சில வாரங்களிலேயே, மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பகுதிக் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பெருகிய செல்கள் இரவில் சுவாசித்தும், மடிந்த பின் அழுகியும் நீரிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன, பவளங்களும் அடிபட்டன. நாக்டிலூகா நஞ்சு சுரப்பதாகத் தெரியவில்லை, ஆனால் அதன் உடலிலிருந்து வெளியேறும் அம்மோனியாவும் மீனுக்கு ஆகாது. அரபிக்கடலில் நிலைமை இன்னும் கவலை தருவது. 2000க்குப் பிறகு குளிர்காலந்தோறும் அங்கே பச்சை நாக்டிலூகா பெருவாரியாகப் பரவி, காலங்காலமாக மீன்களின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளமாக இருந்த டயாட்டம் பாசிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோவாவில் இந்த ஆய்வைத் தொடங்கிப் பிறகு அமெரிக்காவில் தொடரும் ஹெல்கா கோமஸ், ஜோவகிம் கோயஸ் தம்பதி, ஆக்சிஜன் குறைந்த நீரில் இந்த உயிர் மற்றவற்றைவிட நன்றாக வளர்வதைக் காட்டினார்கள். இமயப் பனி குறைவதால் குளிர்காலக் காற்றின் தன்மை மாறி, கடல் சரியாகக் கலங்காமல் போவதையும் இதனோடு இணைக்கிறார்கள். நாக்டிலூகாவை விரும்பித் தின்பவை சொறிமீன்களும் சால்ப் என்ற கடலுயிர்களும்தான். மத்தியும் அயிலையும் வளர வேண்டிய கடலில் சொறிமீன் வளர்ந்தால் படகோட்டி என்ன செய்வார்?

ஒவ்வொரு நீல இரவும் கேட்டின் அறிகுறி என்று சொல்ல மாட்டேன். கொச்சி அருகே கும்பளங்கிக் காயலில் மக்கள் 'கவரு' என்று அழைக்கும் ஒளிர்வு, நினைவு தெரிந்த நாளாகக் கோடையில் வந்து போகிறது. புவெர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் ஒரு விரிகுடா ஆண்டு முழுக்க ஒளிர்கிறது. ஆனால் நம் கரையில் கடல் ஒளிர்ந்தால், அழகு என்று படம் பிடிப்பதோடு, நீரை எடுத்துச் சோதிக்கவும் யாராவது போக வேண்டும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கங்களைக் கண்காணித்துத் தகவல் வெளியிடுகிறது. பகலில் கடலின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் மீனவர்கள். இந்த இரண்டு கண்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் மீன் சாவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போக வேண்டாம். நிலவொளியில் பாதி கரைந்துவிடும். சாலை விளக்குகள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கைபேசியை அணைத்து, இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது கொடுங்கள். அலை உடையும் இடத்தைப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அலை வடிந்த ஈர மணலில் காலைத் தேய்த்து நடங்கள். இரவில் கழுத்தளவு நீரில் இறங்குவது மட்டும் வேண்டாம், சென்னைக் கரையின் இழுப்பு பொல்லாதது.

ஆமைக் குஞ்சுகள் பொரியும் மாதங்களில் அவை வழி தவறாமல் கடலுக்குப் போகட்டும் என்று சென்னைக் கடற்கரையின் உயர்கோபுர விளக்குகளை இரவில் அணைத்து வைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. கடல் ஒளிர்கிற இரவுகளிலும் மாநகராட்சி அந்த விளக்குகளைச் சில மணி நேரம் அணைக்கலாம். பெசன்ட் நகர் மணலில் நிற்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு அலையின் நிறம் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.